நேர்க்கோட்டில் 338 கிலோமீட்டர்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று இணையதளத்துக்கு ஏழு பக்கங்கள் முடித்தேன். மைசூரு–கண்ணூர், பெலகாவி–ஹூப்ளி, கடப்பா–திருப்பதி, இன்னும் நான்கு. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சுதான். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, இடையே நேர்க்கோட்டுத் தொலைவு, பறக்கும் நேரம். நேரத்துக்கு அலுவலகம் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. தொலைவை எண்ணூறால் வகுத்து, ஏறி இறங்க அரை மணியைக் கூட்ட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். புவியியலில் எம்.ஃபில். முடித்து, பத்தொன்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்திய நான் ஏழு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

சென்னை அலுவலகத்திலிருந்து நிவேதா என்கிற பெண் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். வாசகர் புகார்கள் அதிகமாகிவிட்டனவாம். விமானமே ஓடாத தடங்களின் பக்கங்களில் ‘நேரடி விமானம் இல்லை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். நான் எழுதியவற்றில் அப்படி நானூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. பதில் எழுதினேன்: ‘பக்கத்தின் தலைப்பு தொலைவும் நேரமும். தொலைவு என்பது உண்மை. அங்கே விமானம் ஓட்டுவதும் ஓட்டாததும் நிறுவனங்களின் விருப்பம். படிக்கத் தெரியாதவர்களுக்காக நான் எழுதுவதில்லை.’ கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

அவள் அனுப்பிய பட்டியலில் முதலில் இருப்பது தூத்துக்குடி–சேலம். இந்த வேலையில் சேர்ந்ததும் நான் எழுதிய முதல் பக்கமும் அதுதான். ஆயிரம் ஜோடிகள் இருக்க இந்த இரண்டை ஏன் எடுத்தேன் என்று நினைவில்லை. அழகான ஜோடி. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் 78.03 பாகை, சேலத்து நிலையம் இருக்கும் காமலாபுரம் 78.07. ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை. இங்கிருந்து வடக்கே அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால் மதுரையையும் கரூரையும் உரசிக்கொண்டு நேரே சேலத்தில் போய் முட்டும். 338 கிலோமீட்டர். 55 நிமிடம்.

கீழ்வீட்டு மரியநேசம் இன்றும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவில்லை. கேட்க மாட்டேன். அந்த மோட்டார் சண்டைக்குப் பிறகு அவரோடு பேசி இரண்டு வருடமாகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

சமைத்துக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“மாமா, மங்கை பேசறேன்.”

“எந்த மங்கை?”

எந்த மங்கை என்று எனக்குத் தெரியும். அக்கா மகள். கடைசியாகக் கேட்டபோது இருந்த சின்னப்பிள்ளைக் குரல் இல்லை.

“சேலத்துலருந்து மாமா. அப்பாவ மறுபடியும் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். நுரையீரல்ல தண்ணி கோத்துக்குது. எடுக்க எடுக்க வருது. டாக்டருங்க நம்பிக்கையா எதும் சொல்லல. அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க.”

“உங்கம்மா பேச மாட்டாளாமா?”

“பக்கத்துலதான் இருக்காங்க. குடுக்கட்டா?”

“வேண்டாம்.”

“ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க மாமா. அப்பா உங்களக் கேட்டாரு.”

“வாரேன். எங்க போயிரப் போறேன். நேர்க்கோட்டுல அம்பத்தஞ்சு நிமிஷம்.”

 “நேரா ஃப்ளைட் கிடையாது மாமா” என்றாள். எனக்கே பாடம்.

ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அத்தானைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பரமகுருநாதன், இரும்பாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர். வழக்கு அவரோடு இல்லை. பிரமு அக்காவோடு.

2019 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. அம்மா காலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆறு மணிக்கு அக்காவுக்குச் சொன்னேன். அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது மாலை நான்கு பத்துக்கு. பத்து மணி நேரம் பத்து நிமிடம். காரில் ஆறரை மணி நேரம்தான் ஆகும். ஏழு என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டும். மீதி மூன்று மணி நேரம் எங்கே போயிற்று என்று அன்றே எல்லார் முன்னாலும் கேட்டேன். பதில் சொல்லவில்லை. மூன்று மணிக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குமுன் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். அதில் தவறில்லை. வர மனமில்லாதவர்களுக்குத்தான் அவ்வளவு நேரம் ஆகும்.

பிப்ரவரி 7, வெள்ளி

சோப்பு, வெங்காயம், மூக்குக் கண்ணாடிக்குத் திருகு. பக்கங்கள் நான்கு.

பிப்ரவரி 10, திங்கள்

ஞானசிகாமணியின் பணி ஓய்வு விழாவுக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவர். நான் வேலையை விட்டது அவரால்தான். அவர் ராகுகாலத்தில் கையெழுத்துப் போட மாட்டார். மாணவர்கள் சான்றிதழோடு வராந்தாவில் நிற்பார்கள். ஐயா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். இயற்கைப் புவியியல் நடத்துகிற மனிதர், சூரியனும் நிலவும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவர், இல்லாத கிரகத்துக்குப் பயப்படுகிறார் என்று ஆசிரியர் அறையில் நான் சொல்லாத நாளில்லை. அழைப்பிதழைக் கிழித்துப் போட்டேன்.

மங்கை குறுஞ்செய்தி: ‘அப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆக்சிஜன் வைத்திருக்கிறது. எப்போது வருகிறீர்கள்?’ இந்த வார இறுதி பார்க்கலாம் என்று பதில் போட்டேன்.

அம்மா கிடையில் கிடந்தது நாலு வருடம். குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான். அக்கா வருடத்துக்கு இரண்டு முறை விருந்தாளி மாதிரி வருவாள். அவள் வருகிற நாள் தெரிந்தால் அம்மா காலையிலேயே நல்ல சேலை கேட்பாள். போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்று முறை கண்ணைத் திறந்தாள். மூன்று முறையும், “பிரமு வந்துட்டாளா?” மூன்று முறையும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன். பக்கங்கள் ஐந்து.

பிப்ரவரி 14, வெள்ளி

நிவேதா விடுவதாக இல்லை. ஏழு வருடத்துப் புகார்களையும் ஒரே கோப்பாக அனுப்பியிருக்கிறாள். ‘இவை எல்லாம் அப்போதே உங்களுக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும் சார், மன்னிக்கவும்’ என்கிறாள். பெரும்பாலும் வசை. ஒருவன் விமானமே இல்லாத ஊருக்கு நேரம் போட்டவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்கிறான். அதிலும் இரண்டு எழுத்துப்பிழை.

தூத்துக்குடி–சேலம் பக்கத்துக்கு மூன்றே மூன்று புகார்கள். இரண்டாவதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘ஐயா, தங்கள் பக்கத்தில் உள்ள கணக்கு சரியானது. ஆனால் இதை நேரடி விமானம் இருப்பதாக எடுத்துக்கொண்டு போன செவ்வாய் காலை என் மனைவி ஓர் அவசரத்துக்காகக் காமலாபுரம் விமான நிலையம் சென்று திரும்பினார். மிகவும் நேரமாகிவிட்டது. நேரடி விமானம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் மற்றவர்களுக்கு உதவும். தவறாக எண்ண வேண்டாம். பரமகுருநாதன், சேலம். 2.9.2019.’

மற்ற புகார்களையும் படித்து முடித்தேன். மோட்டார் இன்று ஓடியது. இரண்டு வாளி பிடித்து வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

பரமகுருநாதன் என்ற பெயர் சேலத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

தூத்துக்குடி–சேலம் பக்கத்தில் மட்டும் அந்த வரியைச் சேர்த்தேன். ‘இவ்விரு நகரங்களுக்கிடையே தற்போது நேரடி விமானம் இல்லை.’ மற்ற நானூற்றுப் பதினொன்றில் சேர்க்கவில்லை. கொள்கை மாறவில்லை. அந்தப் பக்கத்தில் வேறு சில திருத்தங்களும் செய்ய வேண்டியிருந்தது.

வார இறுதியில் போகவில்லை. பல்வலி.

பிப்ரவரி 20, வியாழன்

நானே மங்கையை அழைத்தேன். எடுத்தது அத்தான். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது; பின்னால் ஏதோ இயந்திரம் கொப்பளிக்கிற சத்தம்.

“நாயகமா. நல்லா இருக்கியா.”

“இருக்கேன் அத்தான். உடம்பு எப்படி இருக்கு?”

“அது கெடக்கு. அந்த வரியச் சேத்துட்ட போல.”

 “எந்த வரி அத்தான்?” என்று கேட்டேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. “அப்பப்போ எடுத்துப் பாப்பேன். நேத்து பாத்தா இருக்கு. நல்லது, நல்லது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “பிரமுகிட்ட நான் சொல்லல. நீ வாரப்ப நீயே சொல்லிக்க” என்றார்.

“வெள்ளிக்கிழமை வாரேன்.”

“நாளைக்கா?”

“அடுத்த வெள்ளி. இருபத்தெட்டு.”

“சரி, வா” என்றார்.

எந்த வரி என்று ஏன் கேட்டேன்? ஐந்தரை வருடமாக ஒரு மனிதர் என் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். ஆமாம் அத்தான் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பிப்ரவரி 23, ஞாயிறு

28ஆம் தேதிக்குப் பேருந்தில் இடம் பிடித்தாயிற்று. ஜன்னல் ஓரம்.

பிப்ரவரி 28, வெள்ளி. சேலம்

அத்தான் நேற்று, வியாழன் காலை, ஐந்து ஐம்பதுக்குப் போய்விட்டார். இதை அவர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எழுத முடியவில்லை.

ஆறேகாலுக்கு மங்கை அழைத்தாள். அழுகை முடிந்த குரல். “அப்பா போயிட்டாரு மாமா. அம்மா சொல்லச் சொன்னாங்க, பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் கொண்டுட்டு வரணுமாம். வேற யாரு இருக்காங்கன்னு கேக்கறாங்க.”

வேறு யாரும் இல்லை. அப்பா, அம்மா இல்லை. எங்களோடு பிறந்தவர்களும் இல்லை. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்து அவள் தோளில் விழ வேண்டும்; அதன்பிறகுதான் எடுப்பார்கள். பிறந்த வீடு என்றால் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருவன்தான்.

காலை ஆறரை மணிக்குச் சேலைக்கு எங்கே போவேன்? ஜவுளிக்கடைகள் திறக்க ஒன்பதரை ஆகும். வழியில் வாங்கலாம் என்றால் பேருந்து நிற்கிற இடத்தில் எந்தக் கடை இருக்கும்? கீழே இறங்கி மரியநேசத்தின் கதவைத் தட்டினேன். அவருக்குப் பஜாரில் ஜவுளிக்கடை. பல் துலக்கிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும், “மோட்டாரா? போட்டுட்டேனே” என்றார்.

“அக்கா வீட்டுக்காரர் தவறிட்டார். கோடிச்சேலை வேணும்.”

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். “எந்த ஊரு?”

“சேலம்.”

“சேலத்துக்கா இன்னும் நின்னுக்கிட்டு இருக்கிய? வாங்க, வாங்க.”

ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போய் அவரே ஷட்டரைத் தூக்கினார். விளக்கைப் போட்டு, அலமாரிக்கு முன்னால் நின்று திரும்பினார். “உங்களுக்கு வெள்ளையா, கலரா? எங்கள்ல வேற மாதிரி. சரியாத் தெரியாம எடுத்துறக் கூடாது.”

எனக்கும் தெரியவில்லை. அப்பா போனபோது அம்மாவுக்கு மாமா கொண்டுவந்தது வெள்ளை. அக்காவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை. “கலர்” என்றேன்.

“என்ன கலர்?”

“நீங்க எடுங்க.”

மாம்பழ நிறத்தில் ஒன்று எடுத்து விரித்தார். சின்னப் பச்சைக் கரை. “எங்க வீட்டுல பொம்பளையாளுக ஆசையா எடுக்கிறது இதுதான்.” மடித்துப் பையில் போட்டுக் கையில் தந்தார். “என் மச்சினன்கிட்ட கார் இருக்கு. கூப்பிடட்டா? அரை மணியில வந்துருவான்.”

வேண்டாம் என்றேன்.

இப்போது அந்த வேண்டாமை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு வருடம் பேசாத மனிதரிடம் ஒரே காலையில் இரண்டு உதவி வாங்க என் வாய் எழவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு இங்கே ஒரு கூட்டம் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது.

எட்டு மணிக்குப் பேருந்து. மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பதினொன்று பத்து. சேலத்துக்கு அங்கிருந்து பேருந்து இல்லை, ஆரப்பாளையம் போக வேண்டும். மதுரைக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக முக்கால் மணி நேரம். நான் வரைந்த கோட்டில் மாட்டுத்தாவணியும் ஆரப்பாளையமும் ஒரே புள்ளி. ஆட்டோவில் இருக்கும்போது மங்கை.

“எங்க வர்றீங்க மாமா? பெரியப்பா ஒன்றரைக்கு முன்னாடி எடுத்தறலாம்ங்கறாரு.”

“திண்டுக்கல் தாண்டியாச்சு.”

பொய். புவியியல்காரன் நான், நிற்கிற இடத்தை மாற்றிச் சொன்னேன். இரண்டு மணிக்கு மறுபடியும் அழைத்தாள். உண்மையாகவே திண்டுக்கல் தாண்டியிருந்தேன். கரூர் என்றேன். மூன்றரைக்கு அழைத்தபோது கரூர் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். நாமக்கல் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நடத்துநர், “கரூர் எறங்கறவங்க எறங்குங்க” என்று கத்தினார். மங்கைக்குக் கேட்டிருக்கும்.  பின்னால் யாரோ பெரியவர், “ஆறு மணிக்கு மயானத்துல கேட்டச் சாத்திருவான், தெரியுமில்ல?” என்று சத்தம் போடுவது கேட்டது. அதற்கு அக்காவின் குரல். ஐந்தரை வருடம் கழித்து முதல்முறையாக.

“அவன் எங்கன இருந்தாலும் சரி. வரட்டும்.”

வீட்டு முன் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஐந்து இருபது. பந்தலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அத்தானின் அண்ணன், தலை நரைத்த உயரமான மனிதர், என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம், எனக்குக் கேட்கும்படி, “ஏரோப்ளேன் கணக்கெல்லாம் எழுதறவருன்னாங்க. பஸ்ஸு மாறி மாறி வந்திருக்காரு” என்றார்.

அக்கா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

“செருப்ப உள்ள கொண்டாந்து போடு. கூட்டத்துல போயிரும்.”

போட்டுவிட்டு வந்தேன். சேலையைப் பிரித்து அவள் தோளில் போடச் சொன்னார்கள். மாம்பழ நிறத்தைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. கை தோளில் பட்டது, எலும்புதான் இருந்தது. அவள் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு அத்தானைப் பார்த்தேன். ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் பேசியிருப்பார்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மயானத்தின் கேட்டுக்குள் நுழைந்தோம். ஜன்னல் ஓரம் பிடித்த இருக்கை இன்றைக்குக் காலியாக வந்திருக்கும்.

மார்ச் 1, சனி

அஸ்தி கரைக்கப் போய்விட்டுத் திரும்பும்போது காரில் நானும் மங்கையும் மட்டும். வங்கியில் வேலை பார்க்கிறாளாம். கார் நன்றாக ஓட்டுகிறாள். கொஞ்ச தூரம் போனதும் நானே கேட்டேன்.

“அன்னைக்குப் பாட்டி போனப்ப உங்கம்மா ஏர்போர்ட்டுக்குப் போனாளா?”

சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினாள். “அப்பா சொல்லிட்டாரா?”

“சொல்லல. எழுதியிருந்தார்.”

“நானும்தான் கூடப் போனேன் மாமா. காலேஜ் ரெண்டாவது வருஷம். நீங்க ஃபோன் வச்சதும் அப்பா காருக்குச் சொல்லப் போனாரு. அம்மாதான், வேண்டாம், ப்ளேன் இருக்கு, நாயகம் எழுதியிருக்கான், அம்பத்தஞ்சு நிமிஷம்னாங்க. நீங்க அந்த லிங்க் அனுப்பிருந்தீங்கல்ல, வேலைல சேந்தப்ப. அத அப்பப்போ எடுத்து எல்லாருக்கும் காட்டுவாங்க. அப்பா, நேரா ஃப்ளைட் கிடையாதே பிரமுன்னாரு. அம்மா கேக்கல. என் தம்பி தப்பா எழுத மாட்டான்னாங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கவுன்ட்டர்ல சென்னைக்கு மட்டும்தான்னாங்க. அம்மா ஃபோன்ல உங்க பக்கத்த எடுத்துக் காட்டறாங்க. இங்க பாருங்க, தூத்துக்குடின்னு போட்டிருக்கு, எழுதினது என் தம்பி, காலேஜ் வாத்தியாருன்னு. அங்க இருந்த பையன் சிரிச்சுட்டான். தப்பாச் சிரிக்கல மாமா, சும்மாதான். அம்மா அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினாங்க. வீட்டுக்கு வந்து கார் வந்து கெளம்பறப்ப ஒன்பதே முக்கால்.”

“ஏன் அன்னைக்கே சொல்லல? நான் எல்லார் முன்னாடியும் கேட்டேன்ல?”

“நீங்க கேட்டப்ப நான் சொல்ல வந்தேன். அம்மா என் கையப் பிடிச்சு அழுத்தினாங்க. அப்புறம் சொன்னாங்க, அவன் ஏற்கெனவே வேலை போயி நொந்துபோயிருக்கான், இதுவும் தன்னாலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்னு.”

வேலை போகவில்லை, நான்தான் விட்டேன் என்று திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கூட்டம் குறைந்துவிட்டது. தண்ணீர்க் கேன்களைத் திருப்பிக் கொடுத்தேன். நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றினேன். அக்காவோடு தனியாக இருக்க நேரவில்லை. நேர்ந்தபோது நான் எழுந்து போனேன்.

மார்ச் 3, திங்கள்

பத்து மணி இருக்கும். மங்கை பாங்குக்குப் போய்விட்டாள். அக்கா கூடத்தில் உட்கார்ந்து அத்தானின் மாத்திரை டப்பாக்களையெல்லாம் தரையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்காத அட்டைகளை ஆஸ்பத்திரியில் கொடுத்தால் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்களாம். எதிரில் உட்கார்ந்தேன்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்” என்றாள். “அம்மைக்கு என்ன சேல உடுத்துனிய?”

எனக்குத் தெரியவில்லை.

“பச்சையா? நான் பொங்கலுக்கு எடுத்தனுப்புனது?”

“நெனவில்ல.”

“வாய் மூடியிருந்துச்சா? சில பேருக்குத் தெறந்துக்கிடும்லா.”

“நெனவில்லக்கா.”

“வாய்க்கரிசி யாரெல்லாம் போட்டா?”

“எல்லாரும் போட்டாங்க. ரெண்டு நாப்பதுக்கு எடுத்தோம்.”

“மணியக் கேக்கல நாயகம்.”

மணி மட்டும்தான் என்னிடம் இருந்தது. ஐந்தரை, ஆறு, ஒன்று, இரண்டு நாற்பது, நான்கு பத்து. அன்று முழுக்க நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. இங்கேயும் எழுதிவிடுகிறேன், இந்த நோட்டில் எத்தனையோ முறை அந்த நாளை எழுதியும் இதை மட்டும் எழுதியதில்லை.

“ரெண்டு மணிக்கு அத்தான் ஃபோன் பண்ணினாங்கக்கா. மதுரை ரிங் ரோடு தாண்டிட்டோம், ரெண்டு மணி நேரத்துல வந்துருவோம், கொஞ்சம் பொறுன்னாங்க. சரின்னேன். வச்சிட்டு வந்து, எடுத்துரலாம், மூணு மணிக்கு ராகுகாலம்னு நான்தான் சொன்னேன். யாரும் அவசரப்படுத்தல. நாலரை வரைக்கும் பொறுப்போம்னு கூட ஒருத்தர் சொன்னார். நீ வந்துக்கிட்டு இருக்கன்னு எனக்குத் தெரியும்.”

“ராகுகாலமெல்லாம் நீ எப்பல பாத்த?”

“பாத்ததில்ல.”

“பின்ன ஏன்?”

“அம்மா கடைசி வரைக்கும் உன்னத்தான் கேட்டா. நீ வந்தா அவ உங்கிட்டயே போயிருவான்னு...” அதற்கு மேல் ஐம்பத்து மூன்று வயது மனிதன் சொல்லக்கூடிய வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அக்கா ஓர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு இடப்பக்கம் வைத்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “மூணு மணிக்கு அத்தான் திருப்பி ஒனக்குப் போட்டாகள்லா. ரெண்டு நாப்பதுக்கே எடுத்தாச்சுன்னு சொன்ன. அருப்புக்கோட்டை தாண்டிக் கார ஓரமா நிறுத்தச் சொன்னாக. ஒரு டீக்கடை. நான் எறங்கல. திரும்பிருவோமா பிரமுன்னு கேட்டாக. ரெண்டு மணிக்குச் சொல்லியிருக்கேன், ரெண்டு நாப்பதுக்கு எடுத்திருக்கான்னு அவுக வாய்விட்டுச் சொல்லல. எனக்குக் கணக்குத் தெரியாதா? அப்புறமும் வந்தேன். வந்து பாத்தா வீட்டக் கழுவி விட்டிருந்திய. தரை காஞ்சுகூடப் போச்சு.”

வெளியே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

“தெரிஞ்சுமா எனக்காக அத்தானப் போட்டு வச்சுக்கிட்டு இருந்த? சாயங்காலம் வரைக்கும்?”

“ஒனக்காக இல்ல” என்றாள். “வாரவங்க வாரதுக்குள்ள எடுத்துட்டா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. அத இன்னொருத்தருக்கு நான் செய்ய மாட்டேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையிலிருந்த அட்டையை என் பக்கம் நீட்டினாள். “இதுல எந்த மாசம் வரைக்கும்னு பாரு. பொடி எழுத்து, தெரிய மாட்டேங்கு.”

வாங்கிப் பார்த்தேன். “நவம்பர் இருபத்தாறு.”

“அந்தப் பக்கம் வை. இது?”

“ஏப்ரல் இருபத்தேழு.”

ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

விடியும்போது நினைவு வந்துவிட்டது. பச்சை இல்லை. சாம்பல் நிறம், அரக்குக் கரை. முந்தானையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது; வெளியே தெரியாதபடி உள்பக்கமாக மடித்துச் செருகியது நான்தான். அப்போது முகத்தையும் பார்த்திருக்கிறேன். வாய் மூடியிருந்தது.

அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.